அரமனை மேட்டில் நான் போட்ட கோடுகள்

ஓய்வுபெற்ற நில அளவையர்களுக்காக ஆண்டு மலர் ஒன்று போடுகிறார்களாம். அதற்கு "பணிக்கால இனிய நினைவுகள்" என்று நாலு பக்கம் எழுதித் தரச் சொல்லி, எனக்குப் பின்னால் வேலைக்கு வந்த பிள்ளைகள் இரண்டு பேர் ஆவூருக்கு என் வீடு தேடி வந்திருந்தார்கள். "மேரியக்கா, கொஞ்சம் சிரிப்பா, கொஞ்சம் உருக்கமா எழுதுங்க" என்றாள் ஒருத்தி. காபி குடித்துக்கொண்டே ஆபீஸ் விஷயமெல்லாம் பேசினார்கள். இப்போது சங்கிலி இல்லை, டேப் இல்லை, கருவியை நட்டுவைத்தால் செயற்கைக்கோள் அளவு சொல்லிவிடுகிறது என்றார்கள். சந்தோஷம் என்றேன். கிளம்பும்போது இன்னொருத்தி சொன்னாள், "பழைய புலப்படம் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சுக்கா. உள்ளுக்குள்ள இருந்த தேவையில்லாத கோடெல்லாம் எடுத்துட்டு, பாக்கவே நீட்டா இருக்கு."

தேவையில்லாத கோடு.

அந்தப் பிள்ளைமேல் எனக்குக் கோபமில்லை. அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததை அவள் சொன்னாள். ஆனால் இதே வார்த்தையை வேறொருவர் வாயிலிருந்து ஒரு தடவை கேட்டிருக்கிறேன், அதற்கு என்ன விலை என்றும் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் இனிய நினைவுகளை வேறு யாராவது எழுதட்டும். நான் நந்தவனக்குடியைப் பற்றி எழுதுகிறேன். மலரில் போட்டால் போடட்டும், போடாவிட்டால் போகட்டும். ஊரின் பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன். மற்றது எதையும் மாற்றவில்லை.

என் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். நானும் வாத்தியாராக வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. தேர்வு எழுதி நில அளவையர் வேலை கிடைத்ததும், "வெயில்ல கல்லுத் தேடுற வேலையா?" என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பயிற்சி முடிந்து முதலில் மணமேல்குடிப் பக்கம் போட்டார்கள். கடற்கரை ஊர்களில் எல்லைக்கல் மணலுக்குள் ஆளுயரம் புதைந்து கிடக்கும். கடப்பாரையால் குத்திக் குத்திக் கல்லின் சத்தம் கேட்கிறதா என்று பார்ப்போம். பொம்பளை சர்வேயரைப் பார்க்கவே கூட்டம் கூடும். "இந்தம்மா அளந்தா கல்லு நிக்குமா?" என்று என் காதில் விழும்படி கேட்டவர்கள் உண்டு. நின்றது. அதைப் பற்றி அவ்வளவு போதும்.

என்னைச் சர்வேயராக ஆக்கியது பயிற்சி கொடுத்தவர்கள் இல்லை. பின்னால் நான் மாறிப்போன தாலுகாவில் எங்களுக்குத் துணை ஆய்வாளராக இருந்த கதிரேசன் சார். அவரைப் பற்றிச் சரியாகச் சொல்லாவிட்டால் இந்தக் கதை புரியாது.

சத்தம் போட்டுப் பேசமாட்டார். ஆபீஸ் உதவியாளர் வருவதற்கு முன்னாலேயே வந்து, மேஜையைத் தானே துடைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். பிளேடால் பென்சில் சீவுவார், ஊசி மாதிரி. நாம் வரைந்த படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். தப்பு இருந்தால் அந்த இடத்தில் சுண்டுவிரலை வைப்பார். ஒன்றும் சொல்லமாட்டார். நமக்கே தப்பு தெரிகிறவரை விரல் அங்கேயே இருக்கும். சில நாள் பத்து நிமிஷம்கூட நின்றிருக்கிறேன், கால் மாற்றிக்கூட நிற்க முடியாமல்.

ஒரு தடவை ஒரு வண்டிப்பாதையின் அகலத்தில் அரை மீட்டர் இடித்தது. இரண்டு அண்ணன் தம்பிகள் அந்தப் பாதைக்காக வெட்டிக்கொள்ளாத குறை. கதிரேசன் சார் என்னை மூன்று முறை திருப்பி அனுப்பினார். மூன்றாம் முறை போனபோதுதான், நான் வேலிக்கு வெளிப்புறம் பிடித்து அளந்திருக்கிறேன் என்று தெரிந்தது. சரிசெய்து கொடுத்ததும் சொன்னார், "மேரி, பாக்காததை எழுதுனா பொய். அது எல்லாருக்கும் தெரியும். பாத்ததை எழுதாம விட்டாலும் பொய்தான். அதுதான் பாதிப் பேருக்குத் தெரியாது."

அந்த மனிதரை நான் கும்பிட்டேன். மறைக்காமல் சொல்கிறேன். அவர் கையால் ஒரு படம் திருத்தம் இல்லாமல் திரும்பி வந்தால் அன்றைக்கு எனக்கு மீன்குழம்பு இல்லாமலே சோறு இறங்கும்.

நந்தவனக்குடி உத்தரவு வந்தது அவர் ஓய்வு பெறுவதற்கு நாலைந்து மாதம் முன்னால். சாலை அகலப்படுத்தும் வேலைக்கு ஒரு ஒப்பந்தக்காரர் கிராவல் மண் எடுக்க அனுமதி கேட்டிருந்தார். அவர் கேட்ட இடம் ஊருக்கு மேற்கே இருந்த அரசுப் புறம்போக்கு. பதிவேட்டில் "தரிசு, மேடு" என்று இருந்தது. நான் போய் அளந்து, எல்லையையும் தரையில் உள்ள நிலவரத்தையும் படத்தில் காட்டி அறிக்கை தரவேண்டும். "தரையில் உள்ள நிலவரத்தையும்" என்ற வார்த்தை உத்தரவிலேயே இருந்தது. இதைப் பின்னால் யாரும் நினைவு வைத்துக்கொள்ளவில்லை. அதனால் இங்கே சொல்லிவைக்கிறேன்.

அளவுச் சங்கிலி பிடிக்கும் செயின்மேன் சவரிமுத்துவும் நானும் முதல் பஸ்ஸில் போய் இறங்கியபோது காலை ஏழு மணி இருக்கும். அந்த ஊர்க்காரர்கள் அதை அரமனை மேடு என்கிறார்கள். முன்னொரு காலத்தில் ஒரு ஜமீன் குடும்பத்தின் மாளிகை அங்கே இருந்ததாம். குடும்பம் நொடித்துப்போனது. மாளிகையின் மரம் ஒரு பக்கம் போனது, செங்கல் ஒரு பக்கம் போனது. ஊரில் பாதி வீட்டுச் சுவரில் அந்தச் செங்கல்தான் இருக்கிறது. கடைசியில் எடுத்துப்போக முடியாமல் மிஞ்சியது மண். அதன்மேல் சீமைக்கருவேலமும் ஆவாரம்பூவும்.

நடுப்பகலில் போயிருந்தால் நானும் ஒரு கருவேலங்காடு என்றுதான் எழுதியிருப்பேன். காலை வெயில் சாய்வாக விழுந்ததால் தரையில் நிழல் கோடுகள் ஓடின. நேர்கோடுகள். மண் தானாக நேர்கோடு போடாது. சவரிமுத்து சும்மாட்டைத் தலையிலிருந்து எடுத்துவிட்டு, "என்னம்மா, யாரோ ரூல் தடி வச்சுக் கிழிச்ச மாதிரி இருக்கு" என்றார்.

ஏறி நடந்து பார்த்தோம். மேற்கே ஒரு பெரிய சதுர மேடை, இடுப்புயரம். அதுதான் மாளிகை நின்ற இடம். கிழக்கு முகத்தில் படிக்கட்டு இருந்த சரிவு. அதற்குக் கீழே மூன்று தட்டாகத் தோட்டம் இறங்கியது. ஒவ்வொரு தட்டையும் நாலு பாத்தியாகப் பிரித்து முழங்கால் உயரக் கரைகள்; பாத்திகளுக்கு நடுவே வாய்க்கால் ஓடிய பள்ளம். இரண்டாவது தட்டின் நட்டநடுவில் வட்டமாக ஒரு திட்டு. ஏதோ பூமரம் நின்றிருக்க வேண்டும், இல்லை உட்காரும் மண்டபம். கடைசித் தட்டின் அடியில் ஒரு சதுரக் குட்டை, பாதி தூர்ந்து. தெற்கு ஓரம் முழுக்க எல்லாவற்றையும் அணைத்தபடி ஒரு நீளமான கரை, கிழக்கே ஊரைப் பார்த்துப் போனது.

நாங்கள் எல்லைக்கல்லைத் தேடிக்கொண்டிருக்கும்போதே ஒரு ஆள் டிவிஎஸ்ஸில் வந்து நின்றார். நாற்பத்தைந்து வயது இருக்கும். பெயர் மாரிமுத்து. பன்னிரண்டு வருஷம் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்துவிட்டு வந்து விவசாயம் செய்கிறவர். மேட்டுக்குக் கீழேதான் அவர் வயல்.

"யாருக்கு அளக்குறீங்க?"

"கவர்மெண்டுக்கு."

"கவர்மெண்டு யாருக்கு அளக்குது?"

அவருக்குத் தெரிந்தேதான் கேட்டார்.

"ஒங்ககூடச் சண்டை போட வரலைங்க" என்றார் பிறகு. "ஒண்ணே ஒண்ணு பாத்துட்டுப் போங்க. இங்கிட்டு வாங்க." தெற்குக் கரையோடு எங்களை நடத்திக் கூட்டிப்போனார். கரை போய் முடிகிற இடத்தில் ஊருணி. தெளிந்த தண்ணீர். இரண்டு பெண்கள் குடத்தில் மொண்டுகொண்டிருந்தார்கள்.

"எங்க ஊருல போர் போட்டா உப்புத் தண்ணி. குடிக்க இதுதான். மழை பெஞ்சா மேட்டுத் தண்ணி ஒவ்வொரு தட்டா எறங்கி, குட்டையில நின்னு மண்டி தங்கி, இந்தக் கரையப் புடிச்சு இங்க வந்துரும். ஜமீன் பூச்செடிக்கு வச்ச வாய்க்கா, இன்னைக்கு நாங்க குடிக்கிறோம். மண்ணெடுத்தா என்ன ஆகும்னு நீங்களே சொல்லுங்க."

"நான் முடிவு பண்றவ இல்லைங்க" என்றேன். "ஆனா பாத்ததை எழுதுவேன்."

எழுதினேன். எல்லையை மட்டும் அளந்தால் ஒரு நாள் வேலை. நாங்கள் நாலு நாள் அளந்தோம். மேட்டின் வடகிழக்கு மூலைக் கல்லிலிருந்து தென்மேற்குக் கல்லுக்கு நேர்கோடு பிடித்து, அந்தக் கோட்டிலிருந்து ஒவ்வொரு கரைக்கும், ஒவ்வொரு பாத்தி மூலைக்கும், குட்டையின் நாலு மூலைக்கும் செங்குத்தாகத் தூரம் எடுத்தேன். அளவுப் புத்தகத்தில் அதை ஏணிப்படி மாதிரி கீழிருந்து மேலே எழுதிக்கொண்டு போவோம். கருவேல முள் குத்தி சவரிமுத்துவின் கால் வீங்கியது. மனுஷன் செருப்பைக் கழற்றி முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மறுபடியும் சங்கிலியைப் பிடித்தார். தெற்குக் கரை ஊருணியில் முடிவதையும் படத்தில் காட்டி, "பழைய மாளிகை, தோட்டக் கட்டுமானங்களின் மண் எச்சங்கள் உள்ளன. குடிநீர் ஊருணிக்கு வரத்து இவற்றின் வழியாகவே" என்று அறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கதிரேசன் சார் படத்தை ஜன்னலில் தூக்கிப் பிடித்தார். வழக்கத்தைவிட அதிக நேரம். விரல் எங்கேயும் வைக்கவில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அப்புறம் படத்தை மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார், "நல்லா இருக்கு. ஆனா இவ்வளவு எதுக்கும்மா? நமக்கு எல்லைதானே. உள்ளுக்குள்ள தேவையில்லாத கோடு எதுக்கு?"

"நிலவரம் காட்டச் சொல்லி உத்தரவுல இருக்கு சார்."

"நிலவரம்னா கட்டடம், கெணறு, மரம். மண்மேடெல்லாம் நிலவரமா?"

"நீங்கதான சார் சொன்னீங்க, பாத்ததை விட்டாலும்…"

அவர் கையை உயர்த்தினார். "சரிம்மா. வச்சுட்டுப் போ. பாத்துக்கலாம்."

பார்த்துக்கலாம் என்று அவர் சொன்னால் படம் அப்படியே மேலே போகும் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். அத்தனை வருஷப் பழக்கத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் இருந்ததில்லை. அடுத்த வாரம் எனக்கு வேறு பிர்காவில் பட்டா மாறுதல் வேலைகள் குவிந்துவிட்டன. இரண்டு மாதம் கழித்து அவர் ஓய்வு பெற்றார். மாலை போட்டு, போட்டோ எடுத்து, வடை பாயசத்தோடு வழியனுப்பினோம். நன்றியுரை சொன்னது நான்தான். பாத்ததை விட்டாலும் பொய் என்று அவர் சொன்னதைத்தான் மேடையில் சொன்னேன். எல்லாரும் கைதட்டினார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அடக்கம் என்று நினைத்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என் முகம் எரிகிறது.

பிறகு ஒரு திங்கட்கிழமை மாரிமுத்து ஆபீஸுக்கு வந்தார். கையில் ஒரு தாள். என் மேஜைமேல் வைத்தார். வைத்தார் என்ன, அடித்தார்.

"நாலு நாளா மெஷின் ஓடுது. அனுமதி இருக்கான்னு போய் நின்னோம், இதைக் காட்டுறாங்க. உள்ள ஒரு கோடு கெடையாது. வெறும் கட்டம். நாலு நாளு முள்ளுல நடந்து நடந்து அளந்தீங்களே, எங்கம்மா அந்தக் கோடெல்லாம்?"

பார்த்தேன். நாலு எல்லை. நாலு கல். நடுவில் "காலி தரிசு, கட்டுமானம் ஏதுமில்லை." கீழே அளந்தவர் என்ற இடத்தில் "(ஒப்பம்) ஆரோக்கியமேரி." அதற்கும் கீழே "உண்மை நகல்" என்று முத்திரை.

நகல் எழுதும்போது மூலத்தில் கையெழுத்து இருக்கிறது என்று காட்ட ஒப்பம் என்று எழுதுவது வழக்கம். கையெழுத்துத் தேவையில்லை. அந்த வழக்கத்துக்குள் என் பெயரை வைத்து ஒரு பொய்யை மடித்துக்கொடுத்திருந்தார்கள். அந்த எழுத்து யாருடையது என்று நான் யாரையும் கேட்கவேண்டியிருக்கவில்லை. ஊசிமுனைப் பென்சிலில் போட்டு மை ஏற்றிய கோடு. அவ்வளவு சுத்தமான கோடு எங்கள் ஆபீஸில் ஒருவருக்குத்தான் வரும்.

"இது நான் வரைஞ்சது இல்லைங்க" என்றேன்.

"ஒங்க பேரு இருக்கே."

"என் பேருதான். நான் வரையலை."

மாரிமுத்து என்னைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை இல்லை. ஏன் இருக்கவேண்டும்? அவர் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன்.

அன்றைக்கு மத்தியானமே நந்தவனக்குடிக்குப் போனேன். லீவு எழுதிக்கொடுத்துவிட்டுத்தான் போனேன். மாளிகை நின்ற மேடை இல்லை. அந்த இடத்தில் ஆள் ஆழத்துக்குச் சிவப்புப் பள்ளம், பக்கவாட்டில் மெஷின் பல் பதிந்த தடம். முதல் தட்டு முழுதாகப் போயிருந்தது. தெற்குக் கரையில் பாதிக்கு மேல் இல்லை. டிப்பர் லாரி போய்வருவதற்கு அதைத்தான் பாதையாக இடித்துப் போட்டிருந்தார்கள். அந்தக் கரையில் கிராவல்கூடக் கிடையாது, வெறும் களிமண். எடுத்தும் போகவில்லை, வழிக்கு இடைஞ்சல் என்று தள்ளிவிட்டிருந்தார்கள். அத்தனை தலைமுறை நின்ற கரை ஒரு காலைநேர வேலை.

நான் கொடுத்த படமும் அறிக்கையும் போன இடம் தெரியவில்லை. மிஞ்சிய ஒரே சாட்சி என் அளவுப் புத்தகம். அதை வேலை முடிந்ததும் ஆவண அறையில் ஒப்படைத்திருந்தேன். படத்தைத் திருப்பி வரைந்தவர் அளவுப் புத்தகத்தைத் தொடவில்லை. தொட அவருக்கு மனம் வரவில்லையா, மறந்துவிட்டாரா, எனக்குத் தெரியாது. மறுநாள் போய்ப் பார்த்தேன். நாலு நாள் அளவும் என் கையெழுத்தில், ஓரத்தில் சவரிமுத்துவின் கால் ரத்தம் ஒரு பொட்டாகக் காய்ந்திருந்தது.

அதை நானே நகலெடுத்துக் கொடுத்தால் குற்றம். மாரிமுத்துவுக்குப் போன் பண்ணினேன். தகவல் உரிமைச் சட்டத்தில் இன்ன புத்தகத்தின் இன்ன பக்கங்கள் வேண்டும் என்று மனுப்போடச் சொன்னேன். எழுத்து எழுத்தாகச் சொன்னேன். அதோடு, அந்தப் படம் என்னுடையது அல்ல என்று மேலதிகாரிகளுக்கு நானும் எழுத்தில் கொடுத்தேன். ஊர்க்காரர்கள் மெஷின் முன்னால் உட்கார்ந்தார்கள். வேலை நின்றது. விசாரணை வைத்தார்கள்.

விசாரணைக்குக் கதிரேசன் சாரையும் கூப்பிட்டிருந்தார்கள். வெள்ளைச் சட்டை, மடித்த குடை. என்னைப் பார்த்து, "நல்லா இருக்கியாம்மா?" என்றார், எதுவுமே நடக்காதது மாதிரி. விசாரணை அதிகாரி அந்தப் படத்தையும் என் அளவுப் புத்தகப் பக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது சரி என்று கேட்டார்.

"ரெண்டும் சரிதாங்க" என்றார் சார், அதே மெல்லிய குரலில். "எல்லை ரெண்டுலயும் ஒண்ணுதான். இந்தம்மா உள்விவரம் கொஞ்சம் கூடுதலாக் காட்டிட்டாங்க. அது அவசியமில்லைன்னு நீக்கிச் சுத்தப்படி எடுத்தோம்."

நான் எழுந்தேன். "என் கோடு அவசியமில்லைன்னா சரிங்க சார். அப்ப என் பேரு மட்டும் எதுக்கு அவசியப்பட்டுச்சு? ஒங்க பேரைப் போட்டிருக்கலாம்ல?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. மேஜையில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் காத்திருக்கத் தெரியும். கற்றுக்கொடுத்ததே அவர்தான். கடைசியில், "மேலே இருந்து சொன்னாங்க" என்றார். யார் என்று அதிகாரி கேட்டார். சொல்லவில்லை. அதற்குமேல் அந்த அதிகாரியும் கேட்கவில்லை.

தீர்ப்பு என்ன தெரியுமா? மீதி இடத்துக்கு அனுமதி ரத்து. அந்த மட்டும் நல்லது. படம் மாறியதற்குக் காரணம் "நகலெடுப்பில் நேர்ந்த கவனக்குறைவு." கவனக்குறைவு! வேலிக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று அரை மீட்டருக்கு மூன்று முறை என்னை வெயிலில் ஓடவைத்த மனிதருக்குக் கவனக்குறைவாம். ஒரு மாளிகையின் அடிமேடை, தோட்டம், குட்டை, கரை, அத்தனையும் கண்ணுக்குத் தப்பிவிட்டதாம். யார்மீதும் நடவடிக்கை இல்லை.

தப்பு சொன்னேன், ஒருவர்மேல் இருந்தது. மனுதாரருடன் தொடர்பு வைத்து அலுவலக விவரத்தை வெளியே சொன்னதாக எனக்கு மெமோ. அதற்குப் பதில் எழுதி, பதிலுக்கு விளக்கம் எழுதி, அது முடிவதற்குள் எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த மூன்று பேர் எனக்கு மேலே போய் உட்கார்ந்தார்கள். கூட வேலை பார்த்தவர்கள், "எதுக்கு மேரி ஒனக்கு இந்த வேலை, மண்மேட்டுக்குப் போயி" என்றார்கள். நல்லெண்ணத்தில்தான். அந்த நல்லெண்ணம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. மண்மேடு என்றால் அது யாரும் செய்தது இல்லை, யாருக்கும் சொந்தம் இல்லை, அதற்காக ஒருத்தி வாய் திறப்பது பைத்தியக்காரத்தனம். செங்கல் சுவர் நின்றிருந்தால் படம் பிடிக்க நூறு பேர் வந்திருப்பார்கள். அதே சுவரைத் தாங்கிய மண், அதே கைகள் வெட்டிக் கொட்டிய மண், கூலிக்காரர்கள் கூடையில் சுமந்து கரையாக அடித்த மண் என்றால் லாரியில் ஏற்றிவிடலாம்.

அந்த வருஷம் மழைக்கு முன்னால் மாரிமுத்து என் வீட்டுக்கு வந்தார். இந்தமுறை மேஜையை அடிக்கவில்லை. தகவல் உரிமையில் வாங்கிய பக்கங்களைக் கண்ணாடித்தாள் உறையில் போட்டு வைத்திருந்தார்.

"ஊருணி வத்திருச்சும்மா. தண்ணி லாரி வருது, வந்தா வருது. கரைய நாங்களே கட்டிக்கிடலாம்னு முடிவு பண்ணிட்டோம். ஆனா எங்கிட்டுப் போச்சுன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றான். இதுல இருக்கிற நம்பர் எங்களுக்குப் புரியலை. ஞாயித்துக்கெழமை வந்து கோடு போட்டுத் தருவீங்களா?"

காலைப் பூசை முடிந்ததும் பஸ் ஏறினேன். சவரிமுத்து அப்போது ஓய்வுபெற்றிருந்தார். சொல்லியனுப்பினேன், வந்துவிட்டார். ஐம்பது அறுபது பேர் மண்வெட்டியோடு நின்றார்கள், பாதிக்குமேல் பெண்கள். முதல் சிக்கல், தென்மேற்குக் கல்லை மெஷின் பிடுங்கி எறிந்திருந்தது. அந்தக் கல் இல்லாமல் என் நேர்கோடு இல்லை. மற்ற மூன்று கல்லிலிருந்தும் கயிறு பிடித்து, பழைய புலப்படத்தின் அளவுகளைப் போட்டு, அந்தப் புள்ளியைக் கண்டுபிடிக்கவே பகல் பன்னிரண்டு ஆகிவிட்டது. பிறகு ஒவ்வொரு அளவாக நான் வாசிக்க, சவரிமுத்து முளை அடிக்க, பின்னாலேயே ஒரு பெண் சுண்ணாம்புத்தூள் தூவிக்கொண்டு வந்தார். மிச்சம் இருந்த பாதிக் கரையின் நுனியில் போய் எங்கள் வெள்ளைக்கோடு முட்டியபோது ஒரு கைவிரல் அகலம்கூட விலகவில்லை. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். சவரிமுத்து, "என்னம்மா?" என்றார். ஒன்றுமில்லை, வெயில் என்றேன்.

உயரத்தில்தான் சண்டை வந்தது. உயரத்தை நான் அளந்து எழுதவில்லை. அது என் குறைதான். முழங்கால் என்றார் ஒருவர், இடுப்பு என்றார் இன்னொருவர். மாரிமுத்து, "முன்னெல்லாம் இந்த எடத்துல ஆடு தாவாது, சுத்தித்தான் வரும்" என்று ஒரே அடியாக நின்றார். ஆடு தாவாத உயரத்துக்குக் கட்டினார்கள். முதல் மழையில் ஒரு வளைவில் உடைப்பு எடுத்தது. சாக்கில் மண் கட்டிப் போட்டு அடைத்தார்கள். அந்த வருஷம் ஊருணி பாதி நிறைந்தது. முன்போல் முழுதாக இனி நிறையாது. மேலே இருந்த முதல் தட்டும் மேடையும் இல்லையே, அங்கிருந்து இறங்கிய தண்ணீர் இப்போது அந்தப் பள்ளத்தில்தான் நிற்கிறது, சிவப்பாக, யாருக்கும் ஆகாமல்.

நான் ஓய்வுபெற்று மூன்று வருஷம் ஆகிறது. என் பெயர் போட்ட அந்தப் பொய்ப்படம் இன்னும் கோப்பில் இருக்கிறது. விசாரணை முடிந்தும் அதை யாரும் எடுக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டரிலும் ஏற்றியிருக்கிறார்கள். நாலு எல்லை, நாலு கல், காலி. நாளைக்கு இன்னொருவர் இன்னொரு மனுப் போட்டால் அதே காலி இடத்தைக் காட்டுவார்கள். கீழே என் பெயர் இருக்கும்.

அதனால் கலெக்டர் ஆபீஸில் மனு வாங்கும் திங்கட்கிழமைகளில் நானும் வரிசையில் நிற்கிறேன். அந்த வரிசையில் நின்ற எத்தனை பேருக்கு நான் பதில் தயாரித்துக் கொடுத்திருக்கிறேன்! முதல் தடவை அங்கே உட்கார்ந்திருந்த இளைஞர் மரியாதையாகத்தான் கேட்டார்.

"என்னம்மா பிரச்சனை, பட்டாவா?"

"பட்டா இல்லை தம்பி. என் பேரு."

"பேரு மாத்தணும்னா இ-சேவை மையத்துக்குப் போங்கம்மா."

"மாத்த வரலை தம்பி. ஒரு எடத்துல இருந்து எடுக்க வந்திருக்கேன்."

அவருக்குப் புரியவில்லை. வாங்கி வைத்துக்கொண்டார். முதல் மனுவுக்கு, உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று பதில் வந்தது. இரண்டாவதற்கு, கோப்பு ஏற்கனவே முடிவுற்றது என்று வந்தது. மூன்றாவதற்குப் போன மாதம் வந்தது: "மனுதாரர் பணி ஓய்வு பெற்றுவிட்டதால் மேல்நடவடிக்கை தேவையில்லை."

நாலாவது மனுவை முடித்துவிட்டுத்தான் இந்தக் கட்டுரைக்கு உட்கார்ந்தேன். இந்தமுறை வெறும் மனு இல்லை. மாரிமுத்து கொடுத்த பக்கங்களை வைத்துக்கொண்டு, சாப்பாட்டு மேஜையில் தாளை விரித்து, மூன்று நாளில் அரமனை மேட்டை மறுபடியும் வரைந்திருக்கிறேன். மேடை, படிச்சரிவு, மூன்று தட்டு, பன்னிரண்டு பாத்தி, வட்டத்திட்டு, குட்டை, ஊருணி வரைக்கும் போகும் தெற்குக் கரை. அழிந்ததைப் புள்ளிக்கோட்டிலும் இருப்பதை முழுக்கோட்டிலும் காட்டியிருக்கிறேன். கீழே ஒப்பம் என்று எழுதவில்லை. கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.